11 பரிந்துரை, ஒரு தேர்வும் இல்லை: ஷீக் குழு ஏன் இன்னும் வெளியே நிற்கிறது?

2016 டிசம்பரில், இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அடுத்த ஆண்டுக்கான பட்டியலை அறிவித்தது. வாக்கெடுப்பில் ஜெயித்தவர்கள் ஆறு பேர்: பேர்ல் ஜாம், டூபாக் ஷகூர், ஜோன் பாயஸ், ஜர்னி, யெஸ், எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா. 1970-களின் நடன இசையான டிஸ்கோவில் பேர்பெற்ற நியூயார்க்கின் ஷீக் குழுவும் அந்த ஆண்டு வாக்குச்சீட்டில் இருந்தது, வழக்கம்போலத் தோற்றது. 2003-ஆம் ஆண்டு வாக்குச்சீட்டில் தொடங்கிய வழக்கம் அது. 11 முறை பரிந்துரைக்கப்பட்டு 11 முறையும் தோற்ற குழு இந்த அமைப்பின் வரலாற்றில் வேறொன்று கிடையாது.

ஆனால் அதே அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஷீக்கின் கிடார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸுக்கு மட்டும் தனியாக 'இசைச் சிறப்பு விருது'. குழுவுக்கு இல்லை, குழுவில் ஒருவருக்கு உண்டு. இதைக் கேட்ட ராட்ஜர்ஸுக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். தன்னைக் குழுவிலிருந்து தனியே பிடுங்கி எடுத்து, 'நீ அவர்களைவிட உசத்தி' என்று சொல்வதுபோல இருக்கிறது என்ற பொருளில் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்.

தகுதியிருந்தும் விடுபட்டவர்கள் இந்த ஹாலைச் சுற்றி ஏராளம். ரசிகர்கள் வருடாவருடம் சண்டை போடும் பட்டியல் அது. அவற்றில் ஷீக்கின் கதையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இங்கே 'கவனிக்காமல் விட்டார்கள்' என்று சொல்ல வழியே இல்லை. 11 முறை கவனித்தார்கள். கவனித்துவிட்டுத்தான் தள்ளினார்கள்.

தேர்வு நடக்கும் விதம்

முதலில் நடைமுறையைப் பார்த்துவிடலாம். ஒரு கலைஞரின் முதல் இசைத்தட்டு வெளிவந்து 25 ஆண்டுகள் ஆனால் அவருக்குத் தகுதி வருகிறது. சுமார் 30 பேர் கொண்ட பரிந்துரைக் குழு ஒன்று ஆண்டுதோறும் கூடி, பெயர்களை அலசி, வாக்குச்சீட்டைத் தயாரிக்கிறது. அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களுக்குப் போகிறது: ஏற்கெனவே ஹாலில் இடம்பெற்று உயிரோடிருப்பவர்கள், விமர்சகர்கள், வரலாற்றாசிரியர்கள், இசைத்துறைக்காரர்கள். நாம் பேசும் காலகட்டத்தில் ஒருவர் அதிகபட்சம் ஐந்து பெயர்களுக்கு டிக் போடலாம். வாக்காளர்களுக்குள் விவாதம் கிடையாது. அவரவர் வீட்டில் உட்கார்ந்து அவரவர் நினைவில் வருவதை வைத்துப் போட வேண்டியதுதான். 2013-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து ரசிகர் வாக்கும் சேர்ந்தது. லட்சக்கணக்கில் ரசிகர்கள் போட்டாலும் அத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு வாக்குச்சீட்டாகத்தான் எண்ணப்பட்டது.

ஆக, படிகள் இரண்டு. இசையை அலசிப் பேசும் சிறிய குழு ஒன்று. பெயரைப் பார்த்து டிக் போடும் பெரிய கூட்டம் ஒன்று. ஷீக் முதல் படியில் 11 முறை பாஸ். இரண்டாவது படியில் 11 முறை ஃபெயில். சிக்கல் எந்தப் படியில் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

யார் இந்த ஷீக்?

நைல் ராட்ஜர்ஸும் பேஸ் கிடார் கலைஞர் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் 1970-ல் நியூயார்க்கில் சந்தித்தார்கள். இருவரும் 1952-ல் பிறந்தவர்கள். ராட்ஜர்ஸ் ஹார்லெமின் அப்பல்லோ அரங்கின் ஆஸ்தான வாத்தியக் குழுவில் வாசித்தவர், ஜாஸ் பைத்தியம். அவருடைய கனமான ஜாஸ் கிடாரைக் கீழே போடவைத்து ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மின்கிடார் பக்கம் தள்ளியது எட்வர்ட்ஸ்தான். வலது கை நிற்காமல் மேலும் கீழும் ஓட, இடது கை நரம்புகளை அழுத்தியும் தளர்த்தியும் சத்தத்தைத் துண்டுதுண்டாக நறுக்கும் அந்த 'சக்கிங்' பாணியைக் கற்றுக்கொடுத்ததும் அவரே என்று ராட்ஜர்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். இன்று உலகம் 'நைல் ராட்ஜர்ஸ் கிடார்' என்று கொண்டாடுவதில் பாதி எட்வர்ட்ஸ் கொடுத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2017-ஐப் பேசும்போது தேவைப்படும்.

மூன்றாவது ஆள் டிரம்ஸ் வாசித்த டோனி தாம்சன். டிஸ்கோ குழுவில் ராக் டிரம்மர் போல ஓங்கி அடித்தவர். 1985-ல் லைவ் எய்ட் நிகழ்ச்சியில் லெட் செப்பலினின் மிச்ச மூவரும் ஒன்று சேர்ந்தபோது, பில் காலின்ஸோடு இன்னொரு டிரம்ஸில் உட்கார்ந்தவர் இவர்தான் என்றால் புரியும்.

முதல் வெற்றிப் பாட்டு 1977-லேயே வந்துவிட்டது. அதைவிடப் பெரியது அடுத்து வந்தது. அந்த ஆண்டுக் கடைசி நாள் இரவு, பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்ததன்பேரில் ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் ஸ்டூடியோ 54 கிளப்புக்குப் போனார்கள். வாசல்காரர் உள்ளே விடவில்லை. பட்டியலில் பெயர் இல்லை. கடுப்பில் ராட்ஜர்ஸின் வீட்டுக்குத் திரும்பி, வாசல்காரரைத் திட்டும் கெட்ட வார்த்தையையே பல்லவியாக்கி வாசிக்க ஆரம்பித்தார்கள். பாட்டு நன்றாக வந்துவிட்டது. வானொலியில் போட வேண்டுமே என்று வார்த்தையை மட்டும் மாற்றினார்கள். அதுதான் 1978-ல் வெளிவந்த 'லே ஃப்ரீக்'. பில்போர்டு பட்டியலில் மூன்று தனித்தனி முறை முதலிடத்துக்கு ஏறி இறங்கி ஏறியது. அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் அதுவரை பார்க்காத விற்பனை. அட்லாண்டிக்கை நிறுவிய அகமத் எர்டெகன்தான் 1983-ல் இந்த ஹால் ஆஃப் ஃபேமைத் தொடங்கிவைத்தவரும்கூட. தன் கம்பெனிக்கு அள்ளிக் கொடுத்த குழு, தன் அமைப்பின் வாக்குச்சீட்டில் இரண்டு முறை தோற்பதை அவர் 2006-ல் சாவதற்குள் பார்த்துவிட்டார்.

மூன்று தட்டு

ஷீக்கின் தாக்கம் பற்றிச் சும்மா புகழ்வதைவிட ஒரே ஒரு பாட்டைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. 1979-ல் வந்த 'குட் டைம்ஸ்'. இரண்டே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மாறிமாறி வரும். எட்வர்ட்ஸின் பேஸ், தாளத்தின் முதல் மூன்று தட்டுக்கும் அதே கீழ் ஈ நோட்டை மூன்று முறை அடிக்கும். பிறகு ஒரு சின்ன வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குப் பிறகுதான் வரிசை வளைந்து நெளிந்து மேலே ஏற ஆரம்பிக்கும். கேட்பவர் காலைத் தூக்கவைப்பது அந்த மூன்று அடியைவிட, அடுத்து வரும் அந்தக் காலி இடம்தான் என்பது என் அபிப்பிராயம்.

பாட்டின் வார்த்தைகளும் மேலுக்குத் தெரிவதுபோல அவ்வளவு குதூகலம் இல்லை. 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலப் பாட்டுகளின் தொனியை ராட்ஜர்ஸ் வேண்டுமென்றே கொண்டுவந்தார். நாடு நொடித்துக் கிடக்கும்போது 'நல்ல காலம்' என்று பாடினால் அதில் குத்தல் இல்லாமல் இருக்குமா? ஆனால் டிஸ்கோவில் யார் வார்த்தையைக் கேட்டார்கள்!

அந்த பேஸ் வரிசைக்கு என்ன ஆனது என்று பாருங்கள். சில மாதங்களிலேயே சில்வியா ராபின்சனின் கம்பெனியில் சுகர்ஹில் கேங் அதை அப்படியே மறுபடி வாசிக்கவைத்து, அதன்மேல் ராப் பாடி 'ராப்பர்ஸ் டிலைட்' என்று வெளியிட்டது. ஹிப்ஹாப்பை உலகம் முழுக்கக் கொண்டுபோன முதல் பெரிய பாட்டு அதுதான். ராட்ஜர்ஸ் அதை ஒரு நியூயார்க் கிளப்பில் கேட்டு அதிர்ந்து, வழக்குப் போடுவோம் என்று எச்சரித்த பிறகே எழுதியவர்கள் பட்டியலில் இருவர் பெயரும் ஏறின. 1980-ல் குயீன் குழுவின் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்'. அந்த பேஸை எழுதிய ஜான் டீக்கன் தங்களுடைய ஒலிப்பதிவுக் கூடத்தில் வந்து பொழுதைக் கழித்தவர் என்றும், அதில் தனக்குக் கோபமில்லை என்றும் எட்வர்ட்ஸ் பின்னாளில் சொன்னார். அவரை எரிச்சலூட்டியது வேறு. ஒரு வருடத்துக்கு முன்னாலேயே பாட்டை வெளியிட்ட ஷீக்தான் குயீனைக் காப்பியடித்தது என்று பத்திரிகைகளில் எழுதினார்களாம். கறுப்பினக் கலைஞர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை என்றார். 1981-ல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இந்த இரண்டு இசைத்தட்டையுமே இசைத்தட்டுச் சுழற்றும் கருவியில் போட்டு வெட்டி ஒட்டி, டிஜே கலையின் பாடப்புத்தகம் என்று இன்றும் சொல்லப்படும் பதிவை உண்டாக்கினார்.

வெளியாட்களுக்குச் செய்துகொடுத்ததும் கொஞ்சமில்லை. சிஸ்டர் ஸ்லெட்ஜின் 'வி ஆர் ஃபேமிலி', டயானா ராஸின் 1980 ஆல்பம் இரண்டும் இந்தக் கூட்டணியின் கைவேலை. டேவிட் பவியின் 'லெட்ஸ் டான்ஸ்' ஆல்பத்தை ராட்ஜர்ஸ் தயாரித்தார். தாம்சன் அதில் வாசித்தார். எட்வர்ட்ஸும் ஒரு பாட்டில் உண்டு. மடோனாவின் 'லைக் எ வர்ஜின்' ஆல்பத்தில் மூவரும் வாசித்தார்கள். ராபர்ட் பால்மரின் 'ரிப்டைட்' ஆல்பத்தைத் தயாரித்தது எட்வர்ட்ஸ்.

வாக்குச்சீட்டு சொல்லும் கதை

இப்போது ஹாலின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பவி 1996-லும் குயீன் 2001-லும் உள்ளே போய்விட்டார்கள். ஷீக்குக்கு அப்போது 25 ஆண்டு ஆகவில்லை, அதைக் குறை சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் நடந்ததுதான் விநோதம்.

2007-ல் ஹாலில் நுழைந்த முதல் ஹிப்ஹாப் குழு என்ற பெருமையோடு கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினர் தேர்வானார்கள். அதே வாக்குச்சீட்டில் ஷீக்கும் இருந்தது, தோற்றது. 2008-ல் மடோனா தேர்வானார். அதே சீட்டில் ஷீக், தோற்றது. 2009-ல் ஜெஃப் பெக். 1985-ல் அவருடைய ஆல்பத்தில் தயாரிப்பாளராக வேலை செய்தவர் ராட்ஜர்ஸ். அதே சீட்டில் ஷீக், தோற்றது. 2015-ல் ஸ்டீவி ரே வான். பவியின் ஆல்பத்தில் வாசித்த கிடார்தான் அவரை உலகத்துக்குக் காட்டியது; அந்த ஆல்பத்தைத் தயாரித்தவர் ராட்ஜர்ஸ். மறுபடியும் அதே சீட்டில் ஷீக், மறுபடியும் தோல்வி. 2022-ல் சில்வியா ராபின்சனுக்கும்கூட எர்டெகன் பெயரிலான விருது கிடைத்துவிட்டது. பந்திக்குச் சமைத்தவர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் இலை போட்டாயிற்று.

போட்டி கடுமையாக இருந்தது என்று சமாதானம் சொல்லலாமா? 2017-ல் 19 பெயர்கள் இருந்தன, சரி. ஆனால் 2007, 2008, 2009 மூன்று ஆண்டுகளிலும் சீட்டில் இருந்தவை ஒன்பதே பெயர்கள். ஜெயித்தவர்கள் ஐந்து பேர். பாதிக்கு மேல் பேர் ஜெயிக்கிற தேர்தலில் மூன்று முறை தொடர்ந்து தோற்பதை நெரிசல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

டிஸ்கோவா காரணம்?

எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் இதுதான், அதில் உண்மையும் இருக்கிறது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு நுழைவு என்று அறிவித்தார்கள். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அந்தத் தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. டிஸ்கோவைக் கொண்டாடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஓரினச் சேர்க்கையாளர். எரிக்க வந்தவர்கள் யார் என்பதைப் படங்களைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்த மாதம் 'குட் டைம்ஸ்' முதலிடம் பிடித்தது; ஒரே வாரம்தான். அதை இறக்கியது தி நாக் என்ற கிடார் குழு. அதற்குப் பிறகு ஷீக் பெயரில் ஒரு பாட்டுகூட அமெரிக்காவின் முதல் 40-க்குள் வரவில்லை. 1983-ல் குழு கலைந்தது. அந்தக் கோடைகாலத்தில் ராக் ரேடியோ கேட்டு வளர்ந்த தலைமுறைதான் பிற்பாடு விமர்சகர்களாகவும் இசைக் கம்பெனி அதிகாரிகளாகவும் வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியது.

ஆனால் டிஸ்கோ மட்டுமே காரணம் என்றால் கணக்கு உதைக்கிறது. பீ ஜீஸ் 1997-ல் உள்ளே போனார்கள். ஆபா 2010-ல். டிஸ்கோவின் ராணி டோனா சம்மர் ஐந்தாவது பரிந்துரையில், 2013-ல் தேர்வானார்; அதற்கு முந்தைய மே மாதம் அவர் இறந்திருந்தார். மரணம் வந்து வாக்கு கேட்டுக்கொடுத்தது என்று கசப்பாகச் சொல்லலாம். எப்படியோ, டிஸ்கோ என்பதற்காகவே கதவு இறுக மூடியிருக்கவில்லை. ஷீக்கும் சம்மரும் 2008, 2011, 2013 மூன்று ஆண்டுகளில் ஒரே சீட்டில் இருந்ததால் வாக்கு பிரிந்திருக்கவும் கூடும். அதுவும் மீதி எட்டு ஆண்டுகளை விளக்காது.

முகம் இல்லாத குழு

எனக்குப் படும் காரணம் ஷீக்கின் அடிப்படைத் திட்டத்திலேயே இருக்கிறது. ராட்ஜர்ஸ் இங்கிலாந்தில் ராக்ஸி மியூசிக் குழுவைப் பார்த்து அதன் பகட்டில் மயங்கினார். கிஸ் குழுவைப் பார்த்தபோது வேறொன்று தோன்றியது: முகப்பூச்சைக் கழுவிவிட்டால் இவர்களைத் தெருவில் யாருக்கும் தெரியாது! இரண்டையும் கலந்தார். கோட்டு சூட்டு, பளபளப்பு, ஆனால் தனிநபர் யாரும் முன்னால் நிற்க மாட்டார்கள். முதல் ஆல்பத்தின் அட்டையில் இருப்பது இரண்டு மாடல் பெண்கள், குழுவினர் கிடையாது. பாடகிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: நார்மா ஜீன் ரைட், லூசி மார்ட்டின், ஆல்ஃபா ஆண்டர்சன். பின்னணிக் குரல்களில் லூதர் வான்ட்ராஸும் இருந்தார், அதுவும் பலருக்குத் தெரியாது. தயாரித்தவர் பெயர் போடும் இடத்தில் 'ஷீக் ஆர்கனைசேஷன் லிமிடெட்'.

1977-ல் இது கெட்டிக்கார யோசனை. கறுப்பின வாத்தியக்காரர்களுக்கு அன்று கதவு திறப்பது எளிதல்ல. பெயரை மறைத்துக்கொண்டு ஒரு பிராண்டாக நுழைந்தால் நுழையலாம். நுழைந்தார்கள், காசும் பார்த்தார்கள். ஆனால் 30 ஆண்டு கழித்து ஆயிரம் பேர் தனித்தனியே உட்கார்ந்து ஐந்து பெயருக்கு டிக் போடும்போது அதே யோசனை காலை வாரியது. பீ ஜீஸ் என்றால் மூன்று சகோதரர்கள் கண்முன் வருகிறார்கள். சம்மர் என்றால் ஒரு குரல், ஒரு முகம். ஷீக் என்றால்? ஒரு பேஸ் வரிசை. அதற்கு முகம் கிடையாது. பரிந்துரைக் குழுவில் வாசிப்பு தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசியதால் முதல் படியில் ஷீக் சுலபமாக ஜெயித்தது. பேச்சே இல்லாத இரண்டாவது படியில் முகம் இருப்பவர்கள் ஜெயித்தார்கள்.

இந்த இடத்தில் யான் வென்னரின் பெயரைச் சிலர் இழுப்பார்கள். ஹாலை நிறுவியவர்களில் ஒருவரான அவர், கறுப்பினக் கலைஞர்களையும் பெண் கலைஞர்களையும் தாழ்த்திப் பேசியதற்காக 2023 செப்டம்பரில் நிர்வாகக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அமைப்பின் மேல்மட்ட மனநிலைக்கு அது ஒரு சாட்சிதான். ஆனாலும் ஒரு மனிதரின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் அந்த ஆயிரம் பேர் தப்பித்துவிடுகிறார்கள்.

2017: பாதி மரியாதை

குழு வாக்கில் ஜெயிக்காது என்று தெரிந்துவிட்டது. அதற்குள் ராட்ஜர்ஸுக்கு முகம் வந்துவிட்டது. புற்றுநோயிலிருந்து மீண்டவர், 2013-ல் டாஃப்ட் பங்க்கின் 'கெட் லக்கி'யில் வாசித்தவர், தொலைக்காட்சியில் அடிக்கடி தெரிபவர். 2017 ஏப்ரல் 7 அன்று புரூக்ளினின் பார்க்லேஸ் சென்டரில் ஃபாரல் வில்லியம்ஸ் அவரை மேடையில் அறிமுகப்படுத்தினார்.

இசைச் சிறப்பு விருதுக்கு வாக்கெடுப்பு கிடையாது. அமைப்பே தீர்மானித்துக் கொடுக்கலாம். 2000-ல் பக்கவாத்தியக்காரர்களுக்காகத் தொடங்கி, 2010-ல் பெயர் மாறியது. இது பின்வாசல் என்று கேலி பேசுவோர் உண்டு. ஆறு முறை தோற்ற எல்எல் கூல் ஜே 2021-லும், மூன்று முறை பரிந்துரைக்கப்பட்ட ஜூடாஸ் பிரீஸ்ட் 2022-லும் இந்த வழியாகத்தான் வந்தார்கள். பின்வாசலோ முன்வாசலோ, எனக்கு அதில் பெரிய ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை, முழுக் குழுவையும் கூட்டிக்கொண்டு போகக்கூடிய வாசலில் ஒருவரை மட்டும் அனுமதித்ததில்தான். விதி இடம் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2014-லேயே புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் பேண்ட் முழுக் குழுவாக இதே விருதை வாங்கியது, இறந்துபோன இரண்டு உறுப்பினர்களையும் சேர்த்து. 2012-ல் இன்னும் ஒருபடி மேலே போய், முன்பு பாடகரை மட்டும் சேர்த்துவிட்டுக் குழுவை விட்டது தவறு என்று ஒப்புக்கொண்டு, தி கிரிக்கெட்ஸ், தி மிராக்கிள்ஸ் உள்ளிட்ட ஆறு குழுக்களை வாக்கெடுப்பே இல்லாமல் சேர்த்தார்கள். அந்தத் தவறைத் திருத்தி ஐந்தே ஆண்டுகளில் அதையே ஷீக் விஷயத்தில் புதிதாகச் செய்தார்கள்.

பாடலாசிரியர்களுக்கான தனி ஹால் ஆஃப் ஃபேம் இதைச் சரியாகச் செய்தது. 2016-ல் ராட்ஜர்ஸ், எட்வர்ட்ஸ் இருவரையும் சேர்த்தே உள்ளே அழைத்தது.

எட்வர்ட்ஸுக்கு இதெல்லாம் தெரியாது. 1996 ஏப்ரலில் டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் ராட்ஜர்ஸோடு மேடையேறியபோது அவருக்குக் கடும் காய்ச்சல். நடுவில் பேஸ் சத்தம் திடீரென நின்றது. ஆள் ஏதோ புதிதாக முயற்சி செய்கிறார் என்று ராட்ஜர்ஸ் நினைத்துக்கொண்டு தொடர்ந்தார். உண்மையில் எட்வர்ட்ஸ் மேடையிலேயே மயங்கியிருந்தார். எழுந்து கச்சேரியை முடித்தார். அன்றிரவு ஹோட்டல் அறையில் நிமோனியாவால் இறந்துபோனார். வயது 43. ஷீக்குக்குத் தகுதி வர அப்போது இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. டோனி தாம்சன் முதல் பரிந்துரையை மட்டும் பார்த்தார். 2003 நவம்பரில் சிறுநீரகப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. ஆல்ஃபா ஆண்டர்சன் 2024 டிசம்பரில் காலமானார்.

2017-க்குப் பிறகு ஷீக்கின் பெயர் வாக்குச்சீட்டுக்கே வரவில்லை. ராட்ஜர்ஸுக்குக் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று பரிந்துரைக் குழு நினைத்திருக்கலாம். ஆனால் வாக்கெடுப்பில்லாத அந்த விருதை இறந்தவர்களுக்கும் தருகிறார்கள். மோட்டவுன் இசைக் கம்பெனியின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனுக்கு 2000-ல், கிடார் கலைஞர் ராண்டி ரோட்ஸுக்கு 2021-ல், பியானோ கலைஞர் நிக்கி ஹாப்கின்ஸுக்கு 2025-ல் கொடுத்தார்கள். எட்வர்ட்ஸையும் தாம்சனையும் சேர்க்க ஆயிரம் பேரின் டிக் தேவையில்லை. ஒரு கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். 2025 பட்டியல் வரை அந்தத் தீர்மானத்தை யாரும் போடவில்லை.